மூச்சு விட்டதற்கு விசாரணை

என் கோபத்துக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கித் தந்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே! முழங்கால் வலியையும் பொறுத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மடியைப் பிள்ளைக்கும் காதை எனக்கும் தந்திருக்கும் தாய்மார்களே! ஊரார் திட்டையெல்லாம் உள்ளே வாங்கி, உதட்டில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு உழைக்கும் என் தொலைபேசி உதவி மையத் தோழர்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

எங்கள் வேலை என்ன? வாங்கிய சாமான் பழுதானவர்கள் அழைப்பார்கள். நாங்கள் பதில் சொல்வோம். மேசைதோறும் ஒரு சின்னக் கண்ணாடி. அழகு பார்க்கவா? இல்லை, திட்டு வாங்கும்போதும் சிரிக்கிறோமா என்று நாங்களே சரிபார்த்துக்கொள்ள! ஓர் அழைப்பு முடியுமுன்னே அடுத்தது காதில் விழும். தண்ணீர் குடிக்கவும் நேரமிருக்காது.

என் பக்கத்து இருக்கையில் ஓர் அக்கா. தேன்குரல் என்றால் உங்களுக்கெல்லாம் தெரியும். அதோ, மூன்றாம் வரிசையில் தலையைக் குனிகிறார். குனியாதீங்கக்கா. அவருக்கு ரத்த அழுத்தம் எகிறியது. மருத்துவர் சொன்னார்: “மாத்திரைய விட்டுடாதீங்கம்மா. கூடவே மூச்சை மெதுவா இழுத்து, அதைவிட மெதுவா விட்டுப் பழகுங்க. மனசு அடங்கினா உடம்பும் கொஞ்சம் அடங்கும்.” அக்கா பழகினார். தூக்கம் வந்தது, அழுத்தம் இறங்கியது. ஆகவே மூச்சுப் பயிற்சியைக் குறை சொல்ல நான் வரவில்லை.

இது நிர்வாகத்தின் காதுக்குப் போனது. உடனே பயிற்சியாளர் வந்தார், சுவரெல்லாம் படம் வந்தது. இடைவேளை மட்டும் வரவில்லை! எப்போது செய்வது என்று கேட்டோம். “லைன்ல பேசிக்கிட்டே பண்ணுங்க, நேரம் மிச்சம்” என்றார் மேலாளர். சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம், கண்ணாடியைப் பார்த்து.

சென்ற வாரம் ஒருவர், துணி துவைக்கும் இயந்திரம் ஓடவில்லை என்று அக்காவை வாய்க்கு வந்தபடி ஏசினார். பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்தபடியே அக்கா மூச்சை இழுத்து, நீளமாக விட்டார். அந்தச் சத்தம் அப்படியே ஏசியவர் காதுக்குள் போனது.

“நான் பேசிட்டிருக்கேன், நீ பெருமூச்சு விடுறியா?”

புகார் பறந்தது. “நீங்க சொன்னதைத்தானே சார் செஞ்சேன்” என்றார் அக்கா. மேலாளர் சொன்ன பதில்: “செய்யச் சொன்னோம்மா. சத்தம் வரச் சொன்னோமா?”

கேட்டீர்களா நியாயத்தை? நோயையும் கொடுப்பார்களாம், மருந்தையும் கொடுப்பார்களாம், மருந்தைச் சாப்பிட்டவளைக் குற்றவாளியாகவும் நிறுத்துவார்களாம்! நாளைக் காலை விசாரணை. வாடிக்கையாளரை அவமதித்தேன் என்று அக்கா எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வேலை போய்விடும். அந்தக் கவலையில் அழுத்தம் மறுபடி ஏறிவிட்டது. அதற்கும் மேலாளர், “பயிற்சிய ஒழுங்கா பண்ணலை போல” என்கிறார். எனக்கு வயிறு எரிகிறது! “எழுதிக் கொடுத்துடலாமான்னு இருக்குப்பா” என்று இங்கே வரும் வழியில் அக்கா சொன்னார். அந்தக் குரலில் தேன் இல்லை.

தோழர்களே, நாளை அக்கா அந்த அறைக்குள் நுழையும்போது நாம் ஹெட்செட்டைக் கழற்றுவோம். கண்ணாடியைக் கவிழ்ப்போம். எழுந்து நின்று மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக, நன்றாகச் சத்தம் வர விடுவோம். எத்தனை பேரை விசாரிப்பார்கள், பார்த்துவிடலாம்!

என்னக்கா, எழுந்துவிட்டீர்கள்? மைக் வேண்டுமா?

“வேண்டாம்ப்பா. நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். அவ்வளவுதான்.”

கடைசி வரிசைக்கும் கேட்டதா? கேட்டது. இனி நான் பேச ஒன்றுமில்லை. காது கொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.