கொம்பியூட்டரில் இல்லாத நாடு

ஜெனீவாவிலிருந்து லொசான் போகும் ரயிலில், ஹோட்டல் சீருடையில் இருந்த இளம்பெண் பக்கத்து இருக்கைக்காரியிடம் சொன்னாள்:

"'உங்கட நாடு எங்கட கொம்பியூட்டரில இல்லை' எண்டு சொல்லிப்போட்டன், அக்கா."

"ஆருக்கு?"

"ஐ.நா. கூட்டத்துக்கு வந்த பூர்வகுடி மனுசிக்கு. தங்கட சனம் அச்சடிச்ச பாஸ்போட்டைத் தந்தவ. கனடாவோ, அமெரிக்காவோ எண்டு கேட்டன். 'அந்த எல்லைக்கோடு போட முன்னமே நாங்கள் அங்க இருந்தனாங்கள்' எண்டா."

"அறை குடுத்தனியோ?"

"இல்லை. பெட்டியோட வாசலில இருக்கிறா."

அக்காவின் குரல் இறுகியது.

"வந்த புதுசில அகதி விண்ணப்பத்தில, நாடு எண்ட இடத்தில நான் தமிழீழம் எண்டு எழுதினனான். அப்பிடியொரு நாடில்லையெண்டு அங்க இருந்த அதிகாரி ஒருத்தி என்ர கண்ணுக்கு முன்னால அதைப் பேனையால வெட்டினவள். அவளுக்கு எங்கட கதை தெரியாது. உனக்குத் தெரியும்தானே? எழும்பு, அடுத்த ஸ்டேசனில இறங்கி அவவிட்டத் திரும்பிப் போவம்."