பெயர் சொல்பவன்

நான் வெங்காயம் சாப்பிடுவதில்லை. அடுத்தவர் காதருகே பேசிப் பிழைப்பவனுக்கு அது ஆகாது. என் எஜமான் தெத்தியஸ் ரோமில் தேர்தலுக்கு நின்றபோதெல்லாம், அவருக்கு அரை அடி பின்னால் நடந்து, எதிரே வருபவர்களின் பெயரைக் கிசுகிசுப்பதுதான் என் வேலை.

“டேய் காது, யாருடா அந்த மொட்டை?”

“ஓபியஸ்ங்க. செருப்பு தைக்கிறவர். போன வாரம் பையன் பிறந்திருக்கு.”

“அடடே, ஓபியஸ்! குட்டிப் பயல் தூங்க விடுறானா?”

ஓபியஸ் நெகிழ்ந்துபோவார். ஒரு வாக்கு உறுதி.

மாலையில் தெத்தியஸ் அதிகாரம் பற்றிய தம் சிந்தனைகளைச் சொல்லச் சொல்ல எழுதுவேன். ‘தலைவன் ஒவ்வொரு மனிதனையும் பெயரால் அறிந்திருக்க வேண்டும்.’ நல்ல வரி. பதினோரு ஆண்டுகளில் என்னை அவர் ‘காது’ என்று மட்டுமே அழைத்தார். அதற்காக நான் வருந்தியதில்லை; உங்கள் விசாரணை ஏட்டில் அப்படி எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா.

பிறகு ஆட்சி மாறியது. கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியலைச் சதுக்கத்தில் தொங்கவிட்டார்கள். அதில் தெத்தியஸும் இருந்தார். ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏதாவது பண்ணுப்பா.”

கேட்க நன்றாக இருந்தது. யோசனை சொன்னேன். ஒரு மாதம் முன்பு வாங்கிய தோட்டக்காரன் அவர் உயரம்தான். திரேஸ் நாட்டுக்காரன், நம் மொழி தெரியாது. அவனுக்கு முகம் மழித்து, எஜமானின் வெள்ளை அங்கியை உடுத்திவிட்டேன். அவனுக்கு ஒரே சிரிப்பு. அங்கியைத் தூக்கிப் பிடித்து ஒருமுறை நடந்துகூடக் காட்டினான். எஜமான் அவனுடைய கந்தலை மாட்டிக்கொண்டு ரோஜாச் செடிகளுக்கு நடுவே குந்தினார்.

வடக்கிலிருந்து வந்த சிப்பாய்களுக்கு யார் முகமும் தெரியாது.

“இதுல எவன்யா தெத்தியஸ்?”

அங்கி போட்டிருந்தவனைக் காட்டினேன். அப்போதும் அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். வேலை சட்டென்று முடிந்தது. சதுக்கத்தில் வைத்த தலையைப் பயத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எஜமானைக் காட்டிக்கொடுக்கும் அடிமைக்கு விடுதலை என்று அறிவித்திருந்தார்கள், எனக்கும் கிடைத்தது.

செத்தவரின் சொத்து ஏலத்துக்கு வந்தது, அடிமைகளும் சேர்த்து. ஏலக்காரர் ஒவ்வொருவர் பெயரையும் என்னிடம் கேட்டுக் கழுத்துப் பலகையில் எழுதினார். அடையாளம் தெரியாதபடி தாடியும் கந்தலுமாய் நின்ற எஜமான் என்னையே பார்த்தார். வாய் திறந்தால் அவர் தலை போய்விடும்.

“காது,” என்றேன். மாவரைக்கும் ஆலைக்காரர் ஒருவர் வாங்கிப் போனார்.

இப்போது பட்டியலை ரத்து செய்துவிட்டார்கள், ஆலையில் ஒருவன் தான்தான் தெத்தியஸ் என்று கத்துகிறான் என்கிறீர்கள். அவரேதான். ஏலம் வரும் என்பது அங்கிக்கு மடிப்பெடுக்கும்போதே எனக்குத் தெரியும். கோபத்தில் செய்யவில்லை. பெயரில்லாமல் வாழ்வது எப்படி இருக்கும் என்று அவரும் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். இந்த ஊரில் ஒன்பதாயிரம் பேரின் பெயர் எனக்குத் தெரியும், ஐயா. நான் அவரைப் போன்றவன் இல்லை.

தோட்டக்காரன் பெயரா?

அவன் வந்து ஒரு மாதம்தானே ஆகியிருந்தது. ‘டேய்’ என்றாலே திரும்பிப் பார்ப்பான்.