முடிச்சவிழ்க்காத மாமன் சீர்

அன்பால் இந்த அவையை ஆளும் எங்கள் ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் சங்கத் தலைவி தாஹிரா அம்மையார் அவர்களே! தூக்கத்தைத் துறந்து பிள்ளைகளைத் தோளில் சுமக்கும் தாய்மார்களே! துயரத்தைத் துண்டில் துடைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்திருக்கும் தகப்பன்மார்களே! திண்டுக்கல்லின் திசையெங்கும் இருந்து திரண்டிருக்கும் பெரியோர்களே! நாற்காலியை மறந்து மண்டபத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் செல்லங்களே! சாணார்பட்டி சுருளிவேலின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

என்ன அண்ணாச்சி? சத்தமாகப் பேசவா? மைக்செட்டுக்காரனைப் பார்த்துச் சத்தம் போதாது என்று சொன்ன முதல் மனிதர் நீங்கள்தான்! பிள்ளைகள் இருக்கிறார்கள், சத்தம் கூட்டமாட்டேன். கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

என் தங்கை சுகன்யாவைச் சின்னாளப்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் மகள் நிறைமதிக்கு ஐந்து வயது. ஆட்டிசம் உள்ள குழந்தை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். கூட்டம் ஆகாது. சத்தம் ஆகவே ஆகாது. சத்தத்தை விற்றுச் சாப்பிடும் எனக்கு இப்படியொரு மருமகள்!

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். எங்களுக்குத் தெரிந்த பாசம் முழக்கம்தானே? போன வருடம் கொட்டு அதிர, வெடி வெடிக்க, என் ஒலிபெருக்கி ஊரையே எழுப்ப, சீர்த்தட்டுகளோடு போய் இறங்கினோம். குழந்தை காதைப் பொத்தினாள். அலறினாள். கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டாள். பட்டுத்துண்டை மடியில் விரித்து உட்கார்ந்திருந்த நான், காலி மடியோடு எழுந்தேன். தாய்மார்களே, அன்றைக்கு என் நெஞ்சு பட்ட பாட்டை எந்த ஒலிபெருக்கியில் சொல்வேன்?

இந்த வருடம் தங்கை போன் செய்தாள். "அண்ணே, இன்னொருக்க வாரியா? கொட்டு வேணாம், வெடி வேணாம். பட்டும் வேணாம். முடிச்சு அவுக்காத சுங்குடிச் சேல ஒண்ணு கொண்டாந்திரு."

சுங்குடிக்குத் துணியில் முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயம் ஏற்றுவார்கள். அவிழ்த்தால்தான் புள்ளி தெரியும். தங்கை வீட்டில் இந்த முடிச்சுப் போடும் வேலை. கட்டிய துணி கைக்குக் கிடைத்தால் நிறைமதி அதைத் தடவித் தடவி அமைதியாகிவிடுவாளாம். சாயப்பட்டறை ஆண்டிச்சாமி அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏப்பா, இத அப்படியேவா சீர் வைக்கப் போற?" "ஆமாண்ணே, என் மருமகளுக்கு இதுதான் பட்டு" என்றேன்.

செருப்பைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு, மூச்சுக் காட்டாமல் தட்டேந்திப் போனோம். மாப்பிள்ளையின் அக்கா பேச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "சாவு விழுந்த துட்டி வீட்டுக்குக்கூட கொட்டு உண்டே! மாமன் சீரு இப்படியா வாரது?" என்று காதோரம் கடிந்துகொண்டார்.

சேலையை மடியில் விரித்து உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. யாரும் பிடித்து இழுக்கவில்லை. என் செல்லம் சுவரோரமாக வந்தாள். துணியைத் தொட்டாள். முடிச்சு முடிச்சாகத் தடவிக்கொண்டே வந்து, என் மடியில், இந்த மாமன் மடியில், தானாக உட்கார்ந்தாள் ஐயா!

ஆசாரி ஊசியை எடுத்தார். சுகன்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்ணே. செத்த நேரம் உக்காரட்டும்."

"காது குத்தாம என்னடி காதுகுத்து?" என்றார் பேச்சியம்மாள்.

"காது எங்க போயிரும் மதினி? புள்ள வந்துட்டா, பாருங்க."

பேச்சியம்மாள் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, எல்லாரும் சாப்பிடப் போங்க. சத்தம் போடாம போங்க" என்று எங்களையே விரட்டினார்! காது குத்தாத காதுகுத்துக்கு வயிறாரச் சாப்பிட்டவர்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான்.

பெரியோர்களே! பிள்ளை நம்மிடம் வரவில்லை என்று அழுதோமே, நம் மடி அவளுக்கு ஏற்றதாக இருந்ததா என்று கேட்டோமா? அவள் மாற வேண்டும் என்று ஆண்டவனை வேண்டினோமே, நாம் மாறினால் என்ன குறைந்துவிடும்? வழக்கம் பெரிதா, வந்து உட்கார்ந்த குழந்தை பெரிதா? நம்பிக்கை என்பது நாளைக்கு நடக்கப் போகும் அற்புதமா? இல்லை ஐயா, இல்லை! அன்றைக்கு என் மடியில் இருந்த அந்தச் சின்னக் கனம்தான் நம்பிக்கை!

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் இந்தத் தாய்மாமனின் நன்றி. என் கால் மரத்துப்போன பிறகும் நிறைமதி அன்று இறங்கவில்லை, நானும் அசையவில்லை. வணக்கம்!