தீ மிதித்த கால்

பர்மாவில், தின்கன்ஜூனிலிருந்து லான்மடாவ் போகும் டவுன் பஸ்ஸில் என் எதிர் இருக்கையில் ஒரு பெரியவரும் அவருடைய தங்கை மகளும் பேசிக்கொண்டு வந்தார்கள். அவள் இளம் டாக்டர்.

“காலுக்குன்னு தனியா ஒரு டாக்டரா? அரசாங்கத்துக்குப் பணம் கூடிப்போச்சு.”

“த்வாண்டே மாதிரி சின்ன ஊருக்கு வேலைக்குப் போனாத்தான் பயிற்சிக்குப் பணம் தருவாங்க மாமா. அங்க சக்கரைக்காரங்க காலைப் பாக்க ஆளே இல்ல.”

“இவ்வளவு படிச்சு, கடைசியில ஊரான் காலைப் பிடிக்கப் போற. என்னைப் பாரு. வருஷா வருஷம் தீ மிதிக்கிறேன், சுடுறதே இல்ல.”

“மொதல்லருந்தே சுடலையா?”

“மொதத் தடவை கொப்பளிச்சுது. அப்ப பக்தி பத்தல.”

“சக்கரை எப்ப வந்துச்சு?”

“அதுக்கப்புறந்தான்.”

அவள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். “செருப்பைக் கழட்டிட்டுக் கண்ணை மூடுங்க. தொடும்போது சொல்லுங்க.”

“பஸ்ஸுலயா? காலை நீட்டுனா மரியாதை இல்லன்னு பர்மாக்காரங்க வைவாங்க.”

“நீட்ட வேணாம், நான் குனியறேன்.”

அவர் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினார். அவள் குனிந்து ஒவ்வொரு விரலாகப் பேனா முனையால் அழுத்தினாள்.

“என்ன புள்ள, சீக்கிரம் தொடு.”

“தொட்டாச்சு மாமா.”

“பொய் சொல்லாத.”

கண்ணைத் திறந்து பார்த்தார். எல்லா விரல்களிலும் நீல மைப் புள்ளி இருந்தது. பிறகு யாரும் சொல்லாமலே மற்றச் செருப்பையும் கழற்றினார்.

“இந்தக் காலையும் பாரும்மா.”