சம்பங்கிக்கு ஊற்றிய ஜீரா

மராத்தி பேசும் ஊர் அது; கேம்ப் பகுதிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் நாற்பத்தொரு பேர் நின்றுகொண்டிருந்தோம். பிரேக் போட்டால் என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில், ஒரே ஆபீசுக்குப் போகும் இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவள் சொன்னாள்:

“பூவுக்கு குலாப் ஜாமூன் ஜீரா ஊத்திட்டேனுங்க்கா.”

“பூவுக்கா? எதுக்கு கண்ணு?”

“அவரு மொத தடவையா சம்பங்கி வாங்கிட்டு வந்தாருங்க்கா, ஒரு கட்டு. மாப்பிள்ளைக்கு உம்மேல பிரியமே இல்லைன்னு அம்மா சொல்லிட்டே இருப்பாங்க. இன்னிக்கு ஊர்ல இருந்து வர்றாங்க. அவங்க பாக்கற வரைக்கும் வாடாம இருக்கணுமே! பூக்காரம்மா, தண்ணியில துளி ‘மீட்’ போடுன்னாங்க...”

“அடிப்பாவி! ‘மீட்டா’தான் ஹிந்தியில இனிப்பு. மராத்தியில ‘மீட்’னா உப்பு!”

“ஐயோ! ஆனா வாடலைங்க்கா. தெனமும் தண்டு நுனிய சாய்ச்சு வெட்டி, தண்ணி மாத்தினேன். காலையில மொட்டுகூட விரிஞ்சிருந்துச்சு.”

அப்போது அவளுடைய அம்மா போனில் அழைத்தார். மாப்பிள்ளை ஸ்டேஷனுக்குப் போய் அவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாராம். ஸ்பீக்கரில் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

“பூவப் பாத்தீங்களாம்மா?”

“பாத்தேன். கட்டினவன் ஆசையா வாங்கின பூவ யாராச்சும் சொம்புத் தண்ணியில நட்டு வெப்பாங்களா? எல்லாத்தையும் கிள்ளித் தொடுத்துட்டேன். நான் கொஞ்சம் வெச்சுக்கிட்டேன். மிச்சத்த மாப்பிள்ளை கையில குடுத்து, அவ தலையில நீங்களே வெச்சு விடுங்கன்னு சொல்லியிருக்கேன்.”

இளையவள் எழுந்து கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

“அக்கா, எனக்குக் காய்ச்சல்னு ஆபீஸ்ல சொல்லிடுங்க!”