இரண்டாவது கேபிள்

நான் கோபக்காரன் இல்லை, சார். கேன்டீன் சாம்பாரில் உப்பில்லை என்றால்கூட சரோஜம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிறவன். பதினான்கு வருடமாக இந்த ஓசூர் கம்பெனியில் கம்ப்யூட்டர் இணைப்புகளைப் பார்க்கிறேன். ராஜசேகர் என்றால் கேட் வாட்ச்மேனுக்கும் தெரியும்.

எனக்குக் கீழே வேலைக்கு வந்தவன் இளம்பரிதி, பாரூர்க்காரன். கெட்டிக்காரன், அதில் எனக்குப் பெருமைதான். இங்கிருக்கும் சர்வருக்கும் இரண்டாம் யூனிட் சர்வருக்கும் நடுவே இரண்டு கேபிள் இழுத்து, இரண்டையும் ஒரே பாதையாகச் சேர்த்துவிட்டான். ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். எட்டு மாதம் ஒரு கோளாறும் வரவில்லை. என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. அப்போதுதான் மேனேஜர் சுவேதா மேடம், "எதுவுமே ரிப்பேர் ஆகலையே, அப்புறம் ரெண்டு பேர் எதுக்கு? மாசக் கடைசியோட ஒருத்தர் போதும்" என்றார். நியாயமான கேள்வி.

ஆகவே ரிப்பேர் ஆக வேண்டியிருந்தது. கேபிளை முழுசாக அறுத்தால் பிரயோஜனமில்லை, எல்லாம் மற்றதில் போய்விடும். அதனால் இரண்டாவது கேபிளின் உள்ளே ஒரு கம்பியை மட்டும் லேசாக நறுக்கினேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சர்வரும் அதை நம்பிப் பாதிப் பேருடைய ஃபைல்களை அந்த வழியே அனுப்பும். அவை நடுவழியில் நின்றுவிடும்.

எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்தக் கேபிள் என்பது அதன் எண்ணைப் பொறுத்தது. இது எனக்கும் இளம்பரிதிக்கும்தான் தெரியும். மற்றவர்கள், ஃபைல் நிற்காமல் போகிறதே என்று, ஆபீஸில் வேலை செய்யும் பிரியாவின் சீட் ராசியானது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாகலூர் ஹரீஷ்குமார் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் உட்கார்ந்தார். பிரியா தன் சீட்டுக்கே டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். டோக்கன் அச்சடித்துக் கொடுத்தது நான். எதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும் இல்லையா? கிருஷ்ணகிரியிலிருந்து வந்த வாஸ்துக்காரர் சர்வரைக் கிழக்கு பார்க்கத் திருப்பி வைத்தார். மேடமே பூசணிக்காய் சுற்றி உடைத்தார். எல்லோரும் "சார், நீங்க ஒரு கை பாருங்க" என்று என்னிடம் வந்தார்கள். அந்த ஒன்பது நாளும் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் இளம்பரிதி ஓடி வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அண்ணா, ரெண்டாவது கேபிள்தாண்ணா! அதக் கழட்டிட்டுப் பாத்தேன், அத்தனை ஃபைலும் ஓடுது. மறுபடி மாட்டி வெச்சிருக்கேன். மேடத்துகிட்ட நீங்களே சொல்லுங்கண்ணா, பெரியவரு நீங்கதான?"

நல்ல பிள்ளை. அவன் மனைவி பூங்கொடிக்கு அப்போது ஏழாம் மாதம். "நீ கண்டுபிடிச்சத நீயே காட்டுப்பா. நாளைக்குக் காலையில எல்லாரையும் கூப்பிடுறேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவன் வீட்டுக்குப் போனதும் இரண்டு கேபிள்களிலும் ஒட்டியிருந்த எண் சீட்டுகளை இடம் மாற்றி ஒட்டினேன். நீங்கள் காட்டிய கேமராப் பதிவில் தெரிவது என் கைதான்.

காலையில் மேடத்தின் முன்னால், மொத்த ஆபீஸும் பார்க்க, இளம்பரிதி சிரித்துக்கொண்டே இரண்டு என்று ஒட்டியிருந்ததைப் பிடுங்கினான். பிடுங்கியது நல்ல கேபிள். எல்லாம் நறுக்கிய கேபிள் வழியே போனதால் ஒரு ஃபைலும் போய்ச் சேரவில்லை. இரண்டாம் யூனிட்டில் டிராயிங் வராமல் பதினோரு மெஷின்கள் நின்றன. மறுபடி மாட்டப் போனவனை மேடம் தொடவே விடவில்லை. "நேத்து சரியா இருந்துச்சு மேடம், அண்ணனைக் கேளுங்க" என்றான். என்னைக் கேட்டார்கள். எனக்கு எதுவும் தெரியாது என்றேன். மாசக் கடைசிவரைகூட அவனை வைத்திருக்கவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், சார். அவனை அனுப்பிய அன்று சாயங்காலமே நான் புதுக் கேபிள் மாட்டினேன். இன்றோடு நாற்பது நாள் ஆகிறது, ஒரு ஃபைல்கூட நிற்கவில்லை. அவன் இருந்தவரை நின்றது, அவன் போனதும் ஓடுகிறது. கோளாறு யாரால் வந்தது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.