மேசைக்கடியில் ஒரு பெட்டி

— காலை எடுங்க சார். மேசைக்கு அடியில இருக்கற அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டிய வெளிய இழுக்கணும்.

— மாட்டேன் மேடம்.

— நாப்பது மேசையில முப்பத்தொம்பது மாத்தியாச்சு. கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பு நான். நான் கட்டின புருஷனே பழைய பெட்டிய அணைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா ஆபீஸ் என்ன நினைக்கும்?

— நான் என்ன சொல்றேன்னா...

— புருஷன் மேல எவ்வளவு பாசம்னு நினைப்பாங்க, அதானே? கதை விடாதீங்க. இதோ பாருங்க புதுசு, சோப்பு டப்பா அளவுதான். சத்தம் கிடையாது, சூடு கிடையாது, கரண்டும் கம்மி. கெட்டுப்போனா கழட்டி வீசிட்டு வேற ஒண்ணு மாட்டிட்டுப் போய்ட்டே இருப்பேன்.

— உள்ள என்ன இருக்கு?

— ஒண்ணும் இல்ல. எல்லாம் என் ரூம்ல இருக்கற பெரிய கம்ப்யூட்டர்ல, அதான் சர்வர்ல. இது கேக்கும், அது குடுக்கும்.

— அடேங்கப்பா! கை காலு இங்க, மூளை உன் ரூம்ல. இத எங்கயோ பாத்திருக்கேனே? நம்ம வீட்ல அந்த டப்பா நான்தானே! பதினாறு வருஷமா சத்தம் இல்லாம ஓடிட்டிருக்கேன்.

— சத்தம் இல்லாமலா? அப்ப அந்தக் குறட்டை யாருதாம்?

— மெதுவா பேசு தாயே, பக்கத்து மேசை காதைத் தீட்டுது.

— அந்த அக்காவும் உங்கள மாதிரி குதிச்சவங்கதான். இப்ப எந்த மேசை டப்பாவுல தன்னோட அடையாள அட்டையச் சொருகினாலும் பாதியில விட்ட வேலை அப்படியே வந்து நிக்குது. ஜன்னல்ல வெயில் வந்தா எழுந்து நிழலுக்குப் போய்டறாங்க.

— போன மாசம் உன் சர்வர் படுத்துச்சே, அன்னிக்கு அட்டைய எங்க சொருகினாங்களாம்? குழாய் இணைப்புக்கு வந்த ஜனம் வாசல் வரைக்கும் நின்னுச்சு. முப்பத்தொம்பது பேரும் சுவத்தப் பாத்துட்டு உட்கார்ந்திருந்தாங்க. மூணு மணி நேரம் வேலை பாத்தது நானும் இந்தப் பெட்டியும்தான்.

— பாத்தீங்க, பாத்தீங்க. என்ன வேலைன்னு அப்புறம் பேசலாம். ஆனா நீங்க சொல்றது நியாயம். ஒண்ணு படுத்தா எல்லாமே படுக்கும். அதுக்குத்தான் துணைக்கு இன்னொரு சர்வர் வச்சாச்சு. காலை எடுங்க.

— இங்க பாரும்மா. பீரோ சாவி உன்கிட்ட. டிவி ரிமோட் உன்கிட்ட. என் போனுக்கு பாஸ்வேர்டே உன் பொறந்தநாள். இந்த உலகத்துல நீ எட்டிப் பாக்காத ஒரே இடம் இந்தப் பெட்டி. இதையாவது எனக்கு விட்டுடேன்.

— அப்படி என்னங்க இருக்கு அதுல?

— ஆபீஸ்ல ‘என்னங்க’ கூடாதுன்னு சொன்னது நீதான்.

— பேச்ச மாத்தாதீங்க. டீ ரூம் சுவத்துல திங்கக்கிழமை தவறாம ஒரு தொடர்கதை ஒட்டறாங்களே, ‘சர்வரம்மா’ன்னு? எழுதினவங்க பேரே இல்லாம? அதுல வர்ற சர்வரம்மா கண்ணாடியத் தலையில ஏத்தி வச்சுட்டு வீடெல்லாம் தேடறா.

— ஊர்ல பாதிப்பேர் அப்படித்தான்.

— கோவம் வந்தா ஃபிரிட்ஜத் துடைக்கறா.

— அது... சுத்தமான பொம்பளைன்னு அர்த்தம்.

— ஏன் வேர்க்குது? பெட்டி ரொம்ப சூடோ?

— சரி, நான்தான். போதுமா? உன்ன நோகடிக்க இல்ல. நான் சொல்றத நாலு பேர் கடைசி வரைக்கும் கேக்கறாங்கன்னு ஒரு சந்தோஷம். வீட்ல நான் வாயத் திறந்தா மீதிய நீ முடிச்சுடறே. எனக்கு அது வலிக்குது.

— சொல்லியிருக்கலாமே.

— சொல்ல ஆரம்பிச்சிருந்தா நீ முடிச்சிருப்பே. ஆனா சத்தியமா, முதல் ஒம்பதுதான் என்னுது. போன ரெண்டு வாரமா எவனோ அதே அச்செழுத்துல எழுதி ஒட்டறான். சர்வரம்மாவுக்கு ஒரு புருஷனப் போட்டு மானத்த வாங்கறான். ஈரத் துண்டக் கட்டில்ல போடறது, கண்ணாடி முன்னாடி நின்னு கொட்டின முடிய எண்ணறது, கதவத் தாப்பா போட்டுட்டு சீரியல் பாத்து அழறதுன்னு, வீட்டுக்குள்ள புகுந்து பாத்த மாதிரி! இதுல வேற ஆபீஸே சொல்லுது, இந்த ரெண்டும்தான் பிரமாதமாம். பெட்டிய எவனோ திறந்துட்டான்னு எனக்குத் தூக்கமே போச்சு. அதான் காலை எடுக்க மாட்டேங்கறேன்.

— பெட்டிய யாரும் திறக்கல. பிரிண்ட் எதுல எடுத்தீங்க?

— வராந்தா பிரிண்டர்ல. எல்லாரும் அதுலதானே எடுக்கறாங்க?

— அது எது வழியா ஓடுது?

— எது வழியா?

— என் சர்வர் வழியா. எதை பிரிண்ட் எடுத்தாலும் ஒரு நகல் அங்க தங்கிடும். முதல் திங்கக்கிழமையே, டீ ரூமுக்கு வர்றதுக்கு முன்னாடி நான் படிச்சுட்டேன்.

— ஐயோ. அப்ப பத்தும் பதினொண்ணும்...

— காலை எடுங்க. நான் எழுதற பன்னெண்டாவது பாதியில நிக்குது, புது டப்பாவுல உங்க அட்டையச் சொருகினா திரையில வரும். மீதிய நீங்க முடிங்க, நடுவுல நான் வாயத் திறக்க மாட்டேன்.